ஜாம்பி சிந்திக்கலாமா? ஒரு தொடர்ச்சிப் படமும் ஒரு சொல்லின் வரலாறும்

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜார்ஜ் ஏ. ரொமேரோவின் ‘லேண்ட் ஆஃப் தி டெட்’ அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. 1968இல் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில் தொடங்கிய வரிசையில் அது நான்காவது படம்; மூன்றாவது படத்துக்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வளவு காலம் காத்திருந்த திகில் பட ரசிகர்களில் ஒரு சாரார் படத்தின் மீது ஒரு குறிப்பிட்ட குற்றச்சாட்டை வைத்தனர். இப்படத்தில் ஜாம்பிகள் சிந்திக்கின்றன. ஒன்று மற்றொன்றுக்குக் கற்பிக்கிறது. கூட்டமாகத் திட்டமிட்டு நகரத்தை நோக்கி நடக்கின்றன. ஜாம்பி சிந்திக்கக் கூடாது, சிந்தித்தால் அது ஜாம்பியே அல்ல என்பது அவர்களின் வாதம்.

இந்த வாதத்தை வெறும் ரசனை சார்ந்த முணுமுணுப்பு என ஒதுக்கிவிட முடியாது. மொழியியலில் ஒரு மொழியைப் பிறப்பு முதல் பேசுபவர் ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் ‘இப்படிச் சொல்வதில்லை’ என்று கூறுவதற்குத் தனி மதிப்பு உண்டு. அதற்கான விதியை அவரால் விளக்க இயலாமல் போகலாம். ஆனால் அத்தகைய தீர்ப்புகளிலிருந்துதான் ஆய்வாளர் அம்மொழியின் இலக்கணத்தை வருவிக்கிறார். திகில் பட ரசிகரின் தீர்ப்பும் அவ்வகையானதே. ஜாம்பி மெதுவாக நடக்கும்; கடித்தால் கடிபட்டவரும் ஜாம்பியாவார்; மூளையைச் சிதைத்தால் மட்டுமே அழியும்; பேசாது, நினைக்காது. இவை எந்த நூலிலும் விதிகளாக எழுதப்பட்டுப் பின்னர் படமானவை அல்ல. படங்களைப் பார்த்த மக்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட இலக்கணம் இது.

ஆனால் எல்லா இலக்கணத்துக்கும் ஒரு காலம் உண்டு. இன்று வழுவாகத் தோன்றுவது நேற்று மரபாக இருந்திருக்கலாம். ‘ஜாம்பி சிந்திக்கக் கூடாது’ என்ற விதி எப்போது பிறந்தது, அது பிறப்பதற்கு முன் அந்தச் சொல் யாருடைய அனுபவத்தைச் சுமந்திருந்தது என்று வினவினால் விடை பென்சில்வேனியாவிலிருந்து கரீபியக் கடலுக்கு இட்டுச் செல்கிறது.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த அச்சம்

‘ஸோம்பி’ என்ற சொல்லின் வேர் மேற்கு-மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கடவுளைக் குறிக்கும் ‘ன்ஸாம்பி’ என்னும் சொல்லோடும், ஆவி, வழிபாட்டுப் பொருள் ஆகியவற்றைக் குறிக்கும் ‘ஸும்பி’ என்னும் சொல்லோடும் அதை ஆய்வாளர்கள் இணைக்கின்றனர். 1697இலேயே குவாதலூப் தீவைக் களமாகக் கொண்ட ஒரு பிரெஞ்சுக் கதையின் தலைப்பில் இச்சொல் இடம்பெற்றுவிட்டது. 1797இல் சான்-தொமிங்கு காலனியைப் பற்றி விரிவாக எழுதிய மொரோ த சான்-மெரி இதைக் கிரியோல் சொல் எனக் குறித்து, ஆவி, இறந்து திரும்பி வருபவர் எனப் பொருள் தருகிறார். அந்தக் கட்டம் வரை ஜாம்பி என்பது உடலற்ற ஆவியாகவே பதிவாகியுள்ளது. உழைக்கும் பிணம் என்ற பொருள் இன்னும் பதிவேறவில்லை.

சான்-தொமிங்கு என்பதே இன்றைய ஹெய்ட்டி. பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789இல் அங்குச் சுமார் 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு, காப்பித் தோட்டங்களில் உழைத்தனர். உலகிலேயே மிகுந்த இலாபம் ஈட்டிய காலனிகளுள் ஒன்றான அங்கே மனிதர்கள் மிக விரைவில் மாண்டனர். இறந்தவர்களின் இடத்தை நிரப்பக் கப்பல்கள் புதியவர்களைக் கொண்டுவந்தபடி இருந்தன. 1791இல் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804 ஜனவரி 1ஆம் நாள் ஹெய்ட்டி விடுதலை பெற்ற நாடானது. அந்த விடுதலைக்கு விலையாக 1825இல் பிரான்சு 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டவர்கள் தம் முன்னாள் உடைமையாளர்களின் இழப்பை ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றின் பின்னணியில்தான் ஹெய்ட்டி மக்களின் ஜாம்பி நம்பிக்கையைப் படிக்க வேண்டும். அங்கே மக்கள் ஜாம்பியைக் கண்டு அஞ்சவில்லை. தாம் ஜாம்பியாக்கப்படுவோமோ என்றே அஞ்சினர். ‘போக்கோர்’ எனப்படும் சூனியக்காரர் ஒருவரைச் சாகச் செய்து, புதைகுழியிலிருந்து எழுப்பி, விருப்பமற்ற உழைப்பாளியாக வயலில் நிறுத்திவிடுவார் என்பது நம்பிக்கை. அடிமைக்குச் சாவு ஒன்றே விடுதலை என்றிருந்த நிலத்தில் சாவுக்குப் பின்னும் உழைப்பு தொடரும் என்பதைவிடக் கொடிய கற்பனை இருக்க முடியாது. அக்கதைகளில் ஓர் உறுப்பு குறிப்பிடத்தக்கது: ஜாம்பிக்கு உப்புத் தரக் கூடாது. உப்பைச் சுவைத்த கணத்தில் அதற்குத் தன் நிலை விளங்கிவிடும். அது தன் கல்லறையைத் தேடிப் போய்விடும். நினைவு திரும்புதல் என்பது ஹெய்ட்டியின் ஜாம்பிக் கதையிலேயே முதலிலிருந்து இருந்துவந்த கூறு. 2005இன் ரசிகர் வழு என்று சுட்டியது இந்தக் கூற்றைத்தான்.

கடல் கடந்த சொல்

1915இல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹெய்ட்டியில் இறங்கினர். 1934 வரை அந்நாடு அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் சாலை அமைக்க மக்கள் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அதை எதிர்த்த கிளர்ச்சியின் தலைவர் ஷார்லமாஞ் பெரால்ட் 1919இல் கொல்லப்பட்டார். இந்த ஆக்கிரமிப்புக் காலத்தில் ஹெய்ட்டியில் தங்கிய அமெரிக்கப் பயண எழுத்தாளர் வில்லியம் சீபுரூக் 1929இல் ‘தி மேஜிக் ஐலண்ட்’ என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்கப் பொதுமக்களிடையே ஜாம்பி என்ற சொல்லைப் பரப்பியதில் இந்நூலுக்கே முதன்மைப் பங்கு.

அந்நூலில் ஹெய்ட்டி விவசாயி ஒருவர் கூறியதாகச் சீபுரூக் பதிவு செய்யும் கதை 1918ஆம் ஆண்டின் கரும்பு அறுவடையைப் பற்றியது. அமெரிக்க முதலீட்டில் இயங்கிய சர்க்கரை நிறுவனத்தின் தோட்டத்துக்கு மேஸ்திரி ஒருவன் ஜாம்பிகளைக் கூட்டி வந்து, அவர்களின் கூலியைத் தானே பெற்றுக்கொள்கிறான். அவன் மனைவி இரக்கப்பட்டு அவர்களுக்குத் தின்பண்டம் வாங்கித் தருகிறாள். அதில் உப்பிட்ட கொட்டைகள் இருக்கின்றன. உப்பு நாவில் பட்டதும் அவர்கள் அலறியபடி தம் ஊர்க் கல்லறைகளை நோக்கி நடக்கிறார்கள். கூலி, மேஸ்திரி, சர்க்கரை ஆலை, அயல்நாட்டு முதல் என அடிமைமுறையின் நினைவும் அன்றைய ஆக்கிரமிப்பின் நிலைமையும் அக்கதையில் ஒன்றாகக் கலந்துள்ளன.

நூல் வெளிவந்த மூன்றே ஆண்டுகளில் ஹாலிவுட் அதைக் கையிலெடுத்தது. 1932இல் விக்டர் ஹால்பெரின் இயக்கிய ‘வைட் ஸோம்பி’ வெளிவந்தது. பேலா லுகோசி அதில் ஜாம்பிகளின் எசமானனாக நடித்தார். சர்க்கரை ஆலைச் செக்கை ஜாம்பிகள் சுற்றும் காட்சி அப்படத்தில் உண்டு. ஒருவர் தவறி அரைவைக்குள் விழுகிறார். மற்றவர்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டேயிருக்கிறார்கள். தோட்ட முதலாளித்துவத்தைப் பற்றிய கடுமையான காட்சிகளுள் அதுவும் ஒன்று. எனினும் படத்தின் கதை வேறிடத்தில் நிலைகொள்கிறது. ஜாம்பியாக்கப்படும் வெள்ளைப் பெண்ணை மீட்பதே அதன் நோக்கம். அடிமையின் அச்சம் ஆண்டவரின் அச்சமாக இடம் மாறியது.

சொல்லுக்கு உடைமை கோரும் வழக்கமும் அப்போதே தொடங்கியது. 1936இல் அதே ஹால்பெரின் சகோதரர்கள் ‘ரிவோல்ட் ஆஃப் தி ஸோம்பீஸ்’ என்ற படத்தை எடுத்தபோது, முந்தைய படத்துக்கு நிதி வழங்கிய நிறுவனம் ‘ஸோம்பி’ என்ற சொல்லைத் தலைப்பில் பயன்படுத்தும் உரிமை குறித்து நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தது. ஹெய்ட்டி மக்களின் வாய்ச்சொல் அமெரிக்க நீதிமன்றத்தில் வணிகச் சொத்தாக வாதிடப்பட்டது. அம்மக்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

பெயர் சூட்டியவர்கள் பார்வையாளர்கள்

1968 அக்டோபர் 1ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ முதலில் திரையிடப்பட்டது. சுமார் 1,14,000 டாலர் செலவில், நகருக்கு வடக்கேயுள்ள எவன்ஸ் சிட்டி வட்டாரத்தில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. ஜாம்பிப் படங்களின் தாய் எனப் போற்றப்படும் அப்படத்தில் ‘ஸோம்பி’ என்ற சொல் ஓரிடத்திலும் ஒலிக்கவில்லை. இறந்தெழுந்தவர்களை அப்படம் ‘கூல்’ என அழைக்கிறது. பாலைவனப் பூதத்தைக் குறித்த அரபுச் சொல்லின் ஆங்கில வடிவம் அது. ரிச்சர்ட் மேத்சனின் ‘ஐ ஆம் லெஜண்ட்’ என்ற 1954ஆம் ஆண்டு நாவலிலிருந்தே தமக்குத் தூண்டுதல் கிடைத்தது என ரொமேரோ வெளிப்படையாகக் கூறினார். ஜாம்பி என்றால் தம் மனத்தில் தோன்றியது கரீபியக் கதைகளின் ஏவலாள்தான் என்றும் நேர்காணல்களில் குறிப்பிட்டார்.

அவற்றுக்கு ஜாம்பி என்று பெயரிட்டவர்கள் பார்வையாளர்களும் விமர்சகர்களுமே. இது மொழியியல் நோக்கில் சுவையான நிகழ்வு. எசமானன் இல்லாத, உழைக்காத, மனித ஊன் உண்ணும் ஓர் உருவத்துக்கு, எசமானனுக்காக உழைக்கும் உருவத்தின் பெயர் மாற்றி வழங்கப்பட்டது. இறந்த உடல் நடக்கிறது என்ற ஒரே பொதுக்கூறு அப்பொருள்மாற்றத்துக்குப் போதுமானதாயிற்று. சில ஆண்டுகளில் புதுப்பொருள் பழம்பொருளை முற்றிலும் மறைத்தது.

புதிய இலக்கணம் விரைந்து பரவ ஒரு தற்செயல் நிகழ்வும் உதவியது. படத்துக்கு முதலில் ‘நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்’ என்ற தலைப்பு வைக்கப்பட்டிருந்தது. விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையோடு சேர்ந்திருந்த பதிப்புரிமை அறிவிப்பும் நீங்கிவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பில்லாத படம் பொதுவுடைமை. யாரும் திரையிடலாம், யாரும் பிரதி எடுக்கலாம், யாரும் அதன் உருவங்களைத் தம் கதையில் பயன்படுத்தலாம். படைத்தவர்களுக்கு அது பெரும் இழப்பு. வகைமைக்கு அதுவே வாழ்வு.

இங்கே ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ரசிகர்கள் மரபு எனக் கருதும் விதிகளை முதல் படமே முழுமையாகப் பின்பற்றவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தோன்றும் முதல் உருவம் தளர்நடை போடவில்லை, வேகமாகவே துரத்துகிறது. கல்லை எடுத்துக் காரின் கண்ணாடியை உடைக்கிறது. நிலவறையில் இறந்தெழும் சிறுமி தன் தாயைக் கொல்வது பற்களால் அன்று, கொத்துக்கரண்டியால். கருவியைக் கையாளும் அறிவு தொடக்கத்திலேயே இருந்தது. பார்வையாளர்களின் நினைவுதான் அதை வடிகட்டி நீக்கியது.

நீக்கப்படாமல் நின்றது அப்படத்தின் முடிவு. டுவேன் ஜோன்ஸ் நடித்த பென் என்ற கறுப்பின நாயகன் இரவு முழுதும் போராடி உயிர்தப்புகிறான். விடியற்காலையில், அவனும் இறந்தெழுந்தவர்களுள் ஒருவன் எனக் கருதும் துப்பாக்கிக் கூட்டம் அவனைச் சுட்டுக் கொன்று தீயிலிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் நாள் கொல்லப்பட்டு ஆறு மாதங்களுக்குள் இக்காட்சி திரையில் தோன்றியது. மனிதனா, மனிதன் அல்லாததா என முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற அடிமைக்காலக் கேள்வி, ஜாம்பி என்ற சொல் இல்லாமலேயே, அப்படத்தில் எழுந்துவிட்டது.

இரண்டாம் பாகம்

பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ‘டான் ஆஃப் தி டெட்’ ரசிகர்களிடம் தனி இடம் பெற்ற தொடர்ச்சிப் படம். பிட்ஸ்பர்க் அருகே மன்ரோவில் நகரின் வணிக வளாகத்தில், கடைகள் மூடிய பின் இரவுகளில் இதன் பெரும்பகுதி படமாக்கப்பட்டது. இத்தாலிய இயக்குநர் டாரியோ ஆர்ஜென்டோ நிதியில் பங்கேற்றார். 1978 செப்டம்பரில் இத்தாலியில் அவருடைய படத்தொகுப்போடு ‘ஸோம்பி’ என்ற தலைப்பில் வெளியானது. அமெரிக்காவில் 1979 ஏப்ரலில், தணிக்கைத் தரச்சான்று பெறாமலேயே திரையிடப்பட்டது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஜேனட் மாஸ்லின் முதல் 15 நிமிடங்களுக்கு மேல் தம்மால் அமர இயலவில்லை என எழுதினார். சிகாகோவின் ரோஜர் ஈபர்ட் அதையே மிகச் சிறந்த திகில் படங்களுள் ஒன்றெனப் பாராட்டினார். ஒரே படம் கண்ணியமான வாசகர்க்கு அருவருப்பாகவும், வகைமை அறிந்தவர்க்குச் சமூக விமர்சனமாகவும் தோன்றியது.

சமூக விமர்சனம் எது என்பது வெளிப்படை. இறந்தவர்கள் ஏன் வணிக வளாகத்தை நாடி வருகிறார்கள் என்று படத்தில் ஒரு பாத்திரம் கேட்கிறது. ஒருவகை இயல்பூக்கம், பழைய நினைவு, இவ்விடம் அவர்கள் வாழ்வில் முக்கியமானதாக இருந்தது என விடை கிடைக்கிறது. நுகர்வுப் பண்பாட்டின் மீதான இந்த அங்கதம் பலராலும் விளக்கப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாத வேறொரு செய்தி உண்டு. ரொமேரோவின் வரிசையில் ‘ஸோம்பி’ என்ற சொல் முதன்முதலாக உச்சரிக்கப்படுவது இந்த இரண்டாம் பாகத்தில்தான். அதை உச்சரிப்பவன் பீட்டர் என்ற கறுப்பின வீரன். கென் ஃபோரீ நடித்த அப்பாத்திரம், டிரினிடாடில் பூசாரியாக இருந்த தன் தாத்தாவின் வாக்கை நினைவுகூர்ந்தே இறந்தவர்கள் எழுவதற்குக் காரணம் சொல்கிறான். அறிவியலாளர்களும் தொலைக்காட்சியாளர்களும் காரணம் தெரியாமல் சச்சரவிடும் உலகில், கரீபியத் தீவின் பேரன் ஒருவனிடம் மட்டுமே அதற்கு ஒரு மொழி இருக்கிறது. பறிக்கப்பட்ட சொல் ஒரு கணமேனும் உரியவரின் வாய்க்குத் திரும்பியது எனலாம்.

இத்தாலியத் தலைப்பின் வெற்றியைக் கண்டு 1979இல் லூசியோ ஃபுல்சி இயக்கிய ‘ஸோம்பி 2’ என்ற படம் அங்கு வெளியிடப்பட்டது. கதையளவில் ரொமேரோவின் படத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. எண் மட்டுமே தொடர்ச்சி. ஆயினும் அது கரீபியத் தீவொன்றையும் வூடூ முரசையும் களமாக்கிப் பழைய மரபுக்குச் சென்றது. கடலடியில் சுறாவோடு ஜாம்பி மோதும் காட்சிக்காக ரசிகர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். போலித் தொடர்ச்சி என்று விமர்சகர் ஒதுக்கிய படத்தை ரசிகர் மரபு தன் தொகைக்குள் சேர்த்துக்கொண்டது. எது உண்மையான தொடர்ச்சி என்பதை உரிமைப் பத்திரத்தைவிடப் பார்வையாளரின் ஏற்பே முடிவு செய்தது.

1985இன் தீர்ப்பும் அதன் மறுபரிசீலனையும்

முதல் படத்தின் எழுத்தாளர்களான ரொமேரோவும் ஜான் ரஸ்ஸோவும் பிரிந்தபோது, ‘லிவிங் டெட்’ என்ற தொடரைத் தலைப்பில் இடும் உரிமை ரஸ்ஸோ பக்கம் சென்றது. 1985 கோடையில் இரண்டு வாரிசுகளும் சில வார இடைவெளியில் மோதினர். ஜூலையில் ரொமேரோவின் ‘டே ஆஃப் தி டெட்’. ஆகஸ்டில் டான் ஓபேனன் இயக்கிய ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்’. பின்னது நகைச்சுவை கலந்தது; ஜாம்பி மூளையைத் தின்னும் என்ற வழக்கு அதிலிருந்தே பரவியது. அமெரிக்க வசூலில் அது சுமார் 1.4 கோடி டாலர் ஈட்ட, ரொமேரோவின் படம் ஏறத்தாழ 58 லட்சத்தோடு நின்றது. முந்தைய பாகத்தைப் புகழ்ந்த ஈபர்ட்டுக்கும் இது பிடிக்கவில்லை. பாத்திரங்கள் கத்திக்கொண்டே இருக்கின்றன, இருள் மிகுதி என்பது பொதுவான குறை.

அப்படத்தின் மையம் பப் என்ற ஜாம்பி. நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் லோகன் என்ற மருத்துவர் அதைப் பழக்குகிறார். பப் தொலைபேசியைக் காதில் வைக்கிறது. சவரக்கத்தியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறது. இசையைக் கேட்டு முகம் மலர்கிறது. இராணுவ அதிகாரியைக் கண்டதும் சல்யூட் அடிக்கிறது. கீழ்ப்படிந்தால் ஊன் வெகுமதி. சங்கிலி, வெகுமதி, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தோட்டத்து எசமானன் ஆய்வாளரின் அங்கியில் மீண்டு வந்திருப்பது தெரியும். ஹெய்ட்டிக் கதையின் உழைக்கும் பிணம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து அமெரிக்கத் திரைக்குத் திரும்பியது. ஆனால் அன்றைய பார்வையாளர்களில் பலர் எதிர்பார்த்தது அதுவன்று.

பின்னர் வீடியோ நாடாவும் குறுந்தட்டும் அப்படத்தை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தன. திரும்பத் திரும்பப் பார்த்த ரசிகர்கள் மெல்லத் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்கள். ஷெர்மன் ஹவர்ட் நடித்த பப் இன்று வகைமையின் மறக்கவியலாத பாத்திரங்களுள் ஒன்று. தம் மூன்று படங்களுள் தமக்கு மிக விருப்பமானது அதுவே என ரொமேரோவும் கூறினார். ரசிகர் தீர்ப்பு நிலையானதன்று, அதற்கும் வரலாறு உண்டு என்பதற்கு இம்மாற்றமே சான்று.

வேகமும் மந்தமும்

2002இல் டேனி பாயிலின் ‘28 டேஸ் லேட்டர்’ படத்தில் தொற்றுக்குள்ளானவர்கள் ஓடினார்கள். 2004இல் சாக் ஸ்னைடர் ‘டான் ஆஃப் தி டெட்’ படத்தை மறுவாக்கம் செய்தபோது இறந்தவர்களும் ஓடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ‘ஷான் ஆஃப் தி டெட்’ படத்தை எழுதி நடித்த பிரித்தானியக் கலைஞர் சைமன் பெக், 2008இல் கார்டியன் இதழில் இப்போக்கை மறுத்து எழுதினார். சாவு என்பது ஓர் ஊனம். அது ஒருவருக்கு ஆற்றலைக் கூட்டாது. தளர்நடையில்தான் ஜாம்பியின் அவலமும் அழகும் உள்ளன என்பது அவருடைய வாதத்தின் சாரம். திகில் ரசிகர் ஒருவர் தம் மரபுக்காக எழுதிய தேர்ந்த வாதங்களுள் அதுவும் ஒன்று. மந்தநடைதான் ஜாம்பியைச் சாவின் உருவகமாக வைத்திருக்கிறது: தப்பிக்கலாம் எனத் தோன்றும், ஆனால் முடிவில் தப்ப இயலாது.

இவ்வாதத்தை ஏற்பவர்களும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. மந்தநடை ஏன் நம்மை அவ்வளவு தொடுகிறது? ஓய்வின்றி உழைத்து உருக்குலைந்த உடலின் நடை அது. வயல்வரிசையில் தலைகுனிந்து நடந்தவர்களை ஹெய்ட்டியின் கதைசொல்லிகள் அப்படித்தான் சித்திரித்தார்கள். ரசிகர் காக்க விரும்பும் அந்த நடைக்குள் அவர் மறந்துவிட்ட உழைப்பாளி இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.

இந்திய மொழிகளில் இவ்வுருவம் பிந்தியே நுழைந்தது. வேதாளம் பிணத்தில் குடியேறும் மரபு இங்குப் பழையது; ஆனால் வேதாளம் ஓயாது பேசும், புதிர் போடும், அரசனையே சிந்திக்க வைக்கும். பேசாப் பிணத்துக்கு நம்மிடம் பெயரில்லை. 2013இல் இந்தியில் ‘கோ கோவா கான்’ வந்தது. 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய தமிழ்ப் படம், மிருகம், மனிதன் என்ற இரு சொற்களை ஒட்டவைத்து ‘மிருதன்’ என்ற புதுச்சொல்லைத் தலைப்பாக்கியது. ஒரு கருத்தைக் கடன் வாங்கும் மொழி அதன் எக்கூற்றை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அச்சொல் நல்ல சான்று. மிருகத்தன்மை வந்து சேர்ந்தது; அடிமைத்தனம் வந்து சேரவில்லை. அது தமிழின் குறையன்று. தமிழுக்கு அச்சொல் வந்த வழி ஹாலிவுட் என்பதால், அங்கே இழக்கப்பட்டது இங்கேயும் இல்லாமற்போயிற்று.

உப்பின் சுவை

இனி 2005இன் படத்துக்குத் திரும்பலாம். ‘லேண்ட் ஆஃப் தி டெட்’ படத்தில் ஆறுகள் சூழ்ந்த நகரம் ஒன்று. அதன் நடுவே செல்வந்தர்கள் வாழும் உயர்கோபுரம். அடியில் வறியவர்களின் சேரி. வெளியே இறந்தவர்கள். நகரத்தார் உணவும் மருந்தும் கொள்ளையிட வெளியே வரும்போது வாணவேடிக்கை காட்டுவார்கள். இறந்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவார்கள். அவர்களைச் சுட்டு வீழ்த்துவது எளிது. அவர்களுள் ஒருவன் மட்டும் ஒருநாள் வாணவேடிக்கையிலிருந்து பார்வையை விலக்கி, தன்னைச் சுற்றி விழுகிறவர்களைக் கவனிக்கிறான். யூஜின் கிளார்க் நடித்த பிக் டாடி என்ற அப்பாத்திரம் பெட்ரோல் நிலையத்துக் கறுப்பினத் தொழிலாளி. சாவுக்குப் பின்னும் வேலைச் சீருடையிலேயே இருப்பவன். மணி ஒலித்தால் வண்டிக்கு எண்ணெய் நிரப்ப எழுந்து வருபவன். அவன் கற்கிறான், மற்றவர்களுக்குக் காட்டுகிறான், அவர்களை ஆற்றுக்கடியில் நடத்திச் சென்று கோபுரத்தை வீழ்த்துகிறான். கோபுரத்தின் அதிபதியின் காருக்குள் அவன் பாய்ச்சுவது தான் வாழ்நாளெல்லாம் பிறர் வண்டிகளுக்கு நிரப்பிய அதே பெட்ரோலை.

ஜாம்பி இப்படிச் செய்யலாமா என்ற ரசிகரின் ஐயத்துக்கு இரு விடைகள் உண்டு. 1968க்குப் பின் பார்வையாளர்கள் வகுத்துக்கொண்ட இலக்கணப்படி இது வழு. அவ்விலக்கணத்தை மதிக்காமல் வகைமையின் வரலாற்றை எழுத முடியாது. ஆனால் அச்சொல்லின் முழு வரலாற்றையும் கணக்கில் கொண்டால் இதுவே அதன் மிகப் பழைய வழக்கு. விருப்பம் பறிக்கப்பட்ட உழைப்பாளிக்கு நினைவு திரும்புகிறது. அவன் தன்னைப் போன்றவர்களோடு எழுந்து நடக்கிறான். சீபுரூக்கின் கதையில் உப்பை உண்டவர்கள் கல்லறைக்குத்தான் செல்ல முடிந்தது. ரொமேரோவின் நான்காம் பாகத்தில் அவர்கள் கல்லறைக்குச் செல்லவில்லை. 1791இன் அடிமைகளைப் போலக் கோபுரத்தின் வாயிலுக்குச் சென்றார்கள்.

பழையன நீங்கிப் புதியன நுழைவதை நம் இலக்கண மரபும் குற்றமாகக் கருதவில்லை. ஜாம்பி என்ற சொல் பொருள் மாறியதில் வியப்பில்லை. எல்லாச் சொற்களும் மாறுகின்றன. ஆனால் ஒரு மக்களின் துயரத்திலிருந்து பிறந்த சொல், அத்துயரத்தின் சுவடே இன்றி உலகெங்கும் பொழுதுபோக்காக வழங்கும்போது, சொல்வரலாறு எழுதுவோர்க்கு ஒரு கடமை கூடுகிறது. புதுப்பொருளைத் தவறென்று தள்ளுவது அக்கடமை ஆகாது. அகராதியில் முதலில் நிற்கும் பொருளுக்குக் கீழே, சிற்றெழுத்தில், கரும்பு வயலில் நின்ற மனிதர்களின் இடத்தை மீண்டும் குறித்துவைப்பதே போதுமானது.

ரொமேரோ 2017 ஜூலை 16ஆம் நாள் மறைந்தார். அவருடைய நான்காம் பாகத்தைப் பற்றிய ரசிகர் விவாதம் இன்னும் முடியவில்லை. வானத்தில் பூக்கள் வெடிக்க வெடிக்க அவற்றைப் பாராமல் நடந்துபோகும் அக்கூட்டத்தைக் கண்டு, ‘இவை ஜாம்பிகளே அல்ல’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் தம்மை அறியாமல் ஓர் உண்மையையே சொல்கிறார். அக்கணத்தில் அவர்கள் ஜாம்பிகளாக இருப்பதை நிறுத்தியிருந்தார்கள்.